உள்ளே வைத்த மல்

இதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு நானாகப் பின்னால் சேர்த்துக்கொண்டது என்று எனக்கே தெரியவில்லை. வருஷம் அறுபத்து நாலு என்று நினைக்கிறேன். மே மாதம் என்பது நிச்சயம். அந்தப் புழுக்கத்தை உடம்பு மறக்காது. அவள் முதல்நாள் உடுத்தியிருந்த புடவையின் நிறத்தைக் கேட்டால் ஒரு நாள் இளம்பச்சை என்பேன், இன்னொரு நாள் சாம்பல் என்பேன். பேசியது மட்டும் அப்படியே இருக்கிறது, அல்லது இருப்பதாக நம்புகிறேன்.

பம்பாயில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு குஜராத்தி சேட்டின் துணிக்கடையில் நான் விற்பனையாளாக இருந்தேன். தாராவியிலிருந்து நடந்தே வருவேன். பிற்பகல் இரண்டிலிருந்து நாலுவரை யாரும் வரமாட்டார்கள். சேட் கல்லாவில் உட்கார்ந்தபடியே தூங்குவார். மின்விசிறிக் காற்றில் அடுக்குகளின் மெல்லிய துணிகள் முனை தூக்கி, மெதுவாக அடங்கி, மறுபடி எழும். அதைப் பார்த்துக்கொண்டே நின்றால் கடை முழுவதும் தண்ணீருக்கடியில் இருப்பதுபோலத் தோன்றும். எனக்குப் பேச்சு குறைவு. துணியைப் பற்றிக் கேட்டால் மட்டும் சொல்வேன். கூஜாத் தண்ணீரில் விரலை நனைத்துப் பருத்தியில் ஒரு சொட்டு விடுவேன், பரவி மறைந்துவிடும். நைலானில் விடுவேன், முத்துப்போல உருண்டு நிற்கும். "உங்க வேர்வையும் இப்பிடித்தாம்மா நிக்கும்" என்பேன். அந்த ஒரு வாக்கியத்தால் பம்பாயில் பல பேரைப் பருத்தி வாங்க வைத்திருக்கிறேன்.

அபயாம்பாளும் அவள் அம்மாவும் வந்தது ஒரு புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமை டெல்லியிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். பட்டெல்லாம் வேண்டாம், சாதாரணமாக இருந்தால் போதும் என்று எழுதியிருந்தார்களாம். அம்மா நைலான் கேட்டாள்.

"இப்போ மாட்டுங்காவுல எல்லாரும் அதைத்தானே உடுத்திக்கறா?"

"உடுத்திக்கிடலாம் மாமி. ஆனா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கெளம்புற வரைக்கும் பொண்ணு ஃபேனுக்கு அடியிலயே நிக்கணும்."

அம்மா சிரித்துவிட்டாள். வெளிர்நீலத்தில் ஒரு பருத்திப் புடவையும் அதற்கு இசைந்த ரவிக்கைத் துணியும் வாங்கிக்கொண்டாள். பெண் நைலான்மேல் நான் விட்ட நீர்ச்சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மாலை ஆபீஸ் விட்டு அவள் தனியாக வந்தாள். மார்போடு அணைத்த இரண்டு தடித்த புத்தகங்கள். ரவிக்கைத் துணியை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"புடவை இருக்கட்டும். இத மட்டும் மாத்தி நைலான் தாங்கோ. தோலுக்கு எது ரொம்ப ஆகாதோ, அது."

நான் புரியாமல் பார்த்தேன்.

"போன வருஷம் நைலான் ரவிக்கை ஒண்ணு போட்டேன். ரெண்டு மணி நேரத்துல கழுத்து, கை எல்லாம் செவந்து தடிச்சுடுத்து. ஆபீஸ்ல பாத்தவா பயந்துட்டா. அம்மாகிட்ட வேர்க்குருன்னு சொல்லிட்டேன்."

"பெறவும் அதையா கேக்கீங்க?"

"வேண்டாம்னு நான் சொன்னா அப்பா காதுல ஏறாது. வரவா சொன்னா ஏறும்." புத்தகங்களைத் தட்டிக் காட்டினாள். "சாயந்திர லா காலேஜ். கடைசிப் பரீட்சைக்கு இன்னும் அஞ்சு மாசம். அவா சரின்னுட்டா அடுத்த மாசமே கல்யாணம், டெல்லி. இதெல்லாம் லாஃப்ட்ல ஏறிடும்."

இந்த ஊர்ச் சூட்டுக்கு எது ஆகும் என்று கேட்டு வந்தவர்களைத்தான் எனக்குத் தெரியும். ஆகாததைக் கேட்டு வந்தவள் இவள் ஒருத்தி. நைலானை வெட்டினேன். அது மெல்லியது, உள்ளே தெரியும், லைனிங் வைத்துத்தான் தைக்கவேண்டும் என்றேன்.

"லைனிங்கும் நைலானே இருக்கட்டும்" என்றாள். அளவுக்கு ஒரு பழைய ரவிக்கையைக் கொடுத்துவிட்டு, வகுப்புக்கு நேரமாயிற்று என்று பஸ்ஸுக்கு ஓடினாள்.

எங்கள் கடைக்குத் தைத்துக்கொடுத்த அப்துல் வாஹித் தாராவியில் என் சந்திலேயே இருந்தார். மேலப்பாளையத்துக்காரர். துணியைப் பார்த்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"என்னவே பாண்டி, நைலானக் கண்டா மூஞ்சியத் திருப்புவீரு. இன்னைக்கு நீரே சுமந்துட்டு வாரீரு?"

"கேட்டாங்க பாய், குடுத்தேன்."

"கேட்டா எதையும் குடுத்துருவீராக்கும். சரி, உள்ள என்ன வைக்க?"

நான் பையைத் திறந்தேன். அவர் நூலை ஊசியில் கோத்துக்கொண்டு காத்திருந்தார். என் பையில் இரண்டும் இருந்தன: நைலானும், மல் என்று நாங்கள் சொல்லும், மூச்சுப் பட்டாலே அசைகிற மெல்லிய வெள்ளைப் பருத்தியும். மல்லை எதற்குக் கொண்டுவந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வெந்த தோலின்மேல் மல் படும்போது உண்டாகும் குளிர்ச்சியை நினைத்துக்கொண்டு நின்றேன். அந்தக் குளிர்ச்சி அவளுக்குக் கிடைக்கவேண்டும் என்று இருந்தது. அவள் கேட்டது வேறு என்பதும் தெரிந்துதான் இருந்தது, ஆனால் அது எங்கோ தெருக்கோடியில் யாரோ கூப்பிடுவதுபோல இருந்தது.

"மல் வைங்க பாய்" என்றேன்.

சனிக்கிழமை அவள் அம்மா வந்து ரவிக்கையை வாங்கிப்போனாள். ஞாயிறு மாலை மாஹிம் கடற்கரையில் போய் உட்கார்ந்தேன். காற்று நின்றுபோயிருந்தது. கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. இந்நேரம் காப்பித் தட்டோடு கூடத்துக்கு வருவாள் என்று நினைத்தேன். கண்ணை மூடினால் அவள் கழுத்து தெரிந்தது. அதில் ஒரு தடிப்பும் இல்லை.

திங்கட்கிழமை வந்தாள். புத்தகங்கள் இருந்தன. ரவிக்கையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி விரித்தாள்.

"இது என்ன துணி?"

"மல்."

விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சேட் யாரிடமோ ஹிந்தியில் சண்டைக்காரர்போல விலை பேசிக்கொண்டிருந்தார்.

"தோலு புண்ணாயிரும்னுட்டு..." என்று தொடங்கினேன்.

"என் தோல்தானே" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உடுத்திக்கறச்சேதான் பாத்தேன். அவா மாடிப்படி ஏறிண்டிருந்தா. ஜில்லுனு இருந்தது. மூணு மணி நேரம் உக்காந்திருந்தேன், கழுத்துல ஒரு சிவப்பு இல்லை. இந்தப் பம்பாய்ச் சூட்டுலயும் பொண்ணு வாடவே இல்லையேன்னு அந்த மாமி சொல்லிண்டே போனா. அவாளுக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சுதாம்."

நான் துணியில் கை வைத்தபடி நின்றேன்.   அவள் ரவிக்கையை மடித்துப் புத்தகத்துக்கு நடுவில் வைத்துக்கொண்டு இறங்கிப்போனாள். வெளியே வெள்ளை வெயிலில் ஆட்களும் பஸ்களும் ஓசையில்லாமல் மிதந்தன. அதற்குள் அவளும் போனாள்.

ஜூன் கடைசியில், மழை பிடித்த வாரத்தில், அவளுக்குக் கல்யாணம் நடந்தது. அவள் அம்மா பல வருஷம் கடைக்கு வந்துகொண்டிருந்தாள். உங்கள் கைராசி என்று மற்ற பெண்களிடமும் சொல்லி அனுப்புவாள். அப்துல் வாஹித் எழுபத்திரண்டில் ஊருக்குத் திரும்பி அங்கேயே இறந்தார். சேட்டின் மகன்கள் கடையை விற்றுவிட்டார்கள். நான் செம்பூரில் என் மகள் வீட்டில் இருக்கிறேன். அபயாம்பாளுக்கு டெல்லியில் மூன்று பிள்ளைகள். பரீட்சையை அவள் எழுதவில்லை.