கிறிஸ்மஸ் தாத்தாவுக்கு இருமல்

ரத்தம்தான். வேறென்னவாக இருக்கும்?

குட்டியானை வண்டியின் பின்சக்கரத்தை ஒட்டிக் குந்தியிருந்த ஹெப்சி, செல்போன் டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். முழங்கால்மேல் கிடந்த கிறிஸ்மஸ் தாத்தா முகமூடி அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அதன் வெள்ளைப் பஞ்சுத் தாடியில், வாய்க்கு நேர் கீழே, ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவப்பு. தொட்டுப் பார்த்தாள். ஈரம். உதட்டை நக்கினாள். உப்பு. காறித் தரையில் துப்பிவிட்டு அதன்மேல் வெளிச்சத்தை அடித்தாள். சளி வெளிர்சிவப்பாக இருந்தது.

வெளிச்சத்தை இன்னும் தாழ்த்தினாள். சிவப்பேதான்.

"தாத்தா எங்கப்பா? தாத்தாவக் காணோம்!" வண்டிக்கு அந்தப்பக்கம் ஜெஃப்ரி அண்ணன் கத்தினார். சர்ச் வாலிபர் சங்கத்துச் செயலாளர். கேரல் பவனி முழுக்க அவர் தலையில்தான் ஓடியது. "ரத்தினபாய் ஆன்ட்டி கதவத் திறந்துட்டாங்க. எபி, உன் தங்கச்சி எங்கடா?"

"ஹெப்சி! எங்கடி போய்த் தொலஞ்ச?" வண்டிமேல் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எபி குச்சியால் தகரத்தைத் தட்டினான்.

"தோ வரேன்!"

குரல் சாதாரணமாகத்தான் வந்தது. அதுவே அவளுக்கு ஆச்சரியம்.

"ஒரு கோடு ரத்தம் வந்தாலும் அந்த நிமிஷமே எல்லாத்தையும் நிறுத்து. எனக்குப் போன் பண்ணு" என்பது டாக்டரம்மாவின் கட்டளை. போன வருஷம் டிசம்பரில் அப்படித்தான் ஒரு கோடு வந்தது. உடனே சொன்னாள். கையில் ஊசி ஏற்றி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். பிள்ளைகள் தெருத்தெருவாகப் பாடிக்கொண்டு போனதை எபி அனுப்பிய வீடியோவில் பார்த்தாள். அதுவும் பாதியில் நின்று நின்று ஓடியது. கிறிஸ்மஸும் போயிற்று, புது வருஷமும் போயிற்று.

இப்போது சொன்னால் அதே கட்டில், அதே மின்விசிறி.

தாடியின் நுனியைச் சுருட்டிச் சிவப்பு தெரியாமல் உள்பக்கமாக மடித்தாள். முகமூடியை மாட்டி ரப்பரை இழுத்துவிட்டாள். எழுந்தாள்.

ஹெப்சிக்குப் பதினாறு வயது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்பது அவளோடு கூடப் பிறந்தது. மற்றவர்கள் நெஞ்சில் கஞ்சித் தண்ணீராக இருக்கும் சளி, அவள் நெஞ்சில் கூழாக நிற்கும். காலையும் ராத்திரியும் மருந்துப் புகையை இழுத்து, முதுகைத் தட்டவிட்டு, இருமி இருமி அதை வெளியே கொண்டுவர வேண்டும். எண்ணெய், வெண்ணெய் எது தின்றாலும் முதல் வாய்க்கு முன்னால் மாத்திரை போட வேண்டும். இல்லாவிட்டால் தின்றது செரிக்காது. வேர்வையோடு உடம்பின் உப்பும் சேர்ந்து போய்விடும். கறுப்புச் சட்டை போட்டு ஓடினால் முதுகில் மரக்காணம் உப்பளமே பூத்துக் கிடக்கும். அதற்காகவே எபியின் டிரம்ஸுக்குப் பக்கத்தில் உப்புக் கரைசல் பாட்டில் ஒன்று எப்போதும் இருந்தது.

ஆனால் பிசியோதெரபி அக்கா சொல்லிக்கொடுத்த சங்கதி ஒன்று உண்டு: ஓடு, குதி, ஆடு, நெஞ்சு குலுங்கக் குலுங்கச் சளி தானாக இளகும். ஹெப்சி ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். மாடம்பாக்கம் வீட்டு மொட்டைமாடியில் தினமும் சாயங்காலம் அவள் ஆடுகிற ஆட்டத்துக்குக் கீழ்வீட்டுக்காரர் குச்சியால் மேற்கூரையை இடிப்பார்.

வருஷா வருஷம் தாத்தா வேஷம் கட்டும் ஆல்வின், பைக்கிலிருந்து விழுந்து காலுக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டபோது, இவள் போய் ஜெஃப்ரி முன்னால் நின்றாள்.

"உனக்கு மூச்சு வாங்குமேம்மா."

"என் மருந்தே ஆடுறதுதாண்ணா. சந்தேகம்னா எங்க கீழ்வீட்டு அங்கிளக் கேளுங்க."

அம்மா ஒரே நிபந்தனை போட்டாள். சர்ச் பெட்டியில் பூசணம் பிடித்துக் கிடக்கும் பழைய வேஷம் கூடாது, பத்துப் பேர் மூஞ்சியில் மாட்டின முகமூடியும் கூடாது. புதுசு வாங்க வேண்டும். புதுசு இன்று சாயங்காலம்தான் பார்சலில் வந்து சேர்ந்தது. பிரித்தாள், மாட்டினாள், வண்டியில் ஏறினாள்.

பீர்க்கன்கரணையில் முதல் வீட்டிலேயே இருமல் வந்தது. ஆட்டத்தின் நடுவில், அடக்க முடியாத இருமல். பாட்டுகூட ஒரு நொடி தடுமாறியது. ரயிலில் இப்படி இருமினால் அம்மாக்கள் குழந்தைகளை மடிக்கு இழுத்துக்கொள்வார்கள். வகுப்பில் பக்கத்துப் பெண் பெஞ்சு மாறுவாள். ஹெப்சி உடம்பைக் குறுக்கிக்கொண்டாள். அப்போதுதான் ஒரு பொடியன், "ஐ, தாத்தா இருமுறாரு!" என்று கைதட்டினான்.

"ஐஸ் மலையிலேர்ந்து வர்றாருல்ல, சளி பிடிக்காதா?" என்றாள் இன்னொருத்தி.

தெருவே சிரித்தது. ஹெப்சி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முதுகை வளைத்து, இன்னும் இரண்டு இருமல் இருமிக் காட்டினாள். எபி ஒவ்வொரு இருமலுக்கும் டிரம்ஸில் ஒரு அடி கொடுத்தான். பிறந்ததிலிருந்து இருமிக்கொண்டிருக்கிறாள், அதற்குக் கைதட்டல் கிடைத்தது இன்றைக்குத்தான்.

அடுத்த வீட்டிலும் அதே கூத்து. அதற்கடுத்த தெருவில் கரன்ட் இல்லை. ரத்தினபாய் ஆன்ட்டி வீட்டு வாசலில் எல்லாரும் டார்ச் அடித்து நிற்க, வாய்க்குள் ஏதோ கரிக்கிறதே என்று வண்டிக்குப் பின்னால் ஒதுங்கி முகமூடியைக் கழற்றினாள். தாடியில் சிவப்பு.

இப்போது ரத்தினபாய் ஆன்ட்டி வீட்டு ஹாலில் ஒரே ஒரு இன்வெர்ட்டர் பல்பு மினுக்கிக்கொண்டிருந்தது. ஹெப்சி பட்டும் படாமலும் கையை மட்டும் ஆட்டினாள். காலைத் தூக்கவில்லை. உள்ளே எங்கேயோ ஒரு குழாய் கிழிந்திருக்கும், குதித்தால் இன்னும் கிழியும் என்று நினைத்தாள். ஆண்டவரே, இந்த ஒரு வீடு. இந்த ஒரே ஒரு வீடு.

"என்ன தாத்தா, பேட்டரி வீக்கா?" ஆன்ட்டி கிண்டலடித்தார். ரிட்டயர்டு டீச்சர், குரலுக்கு மைக் வேண்டாம். "போன வருஷத் தாத்தா எங்க சோபாவையே ஒடச்சாரு. இவரு என்ன, டிராபிக் போலீஸ் மாதிரி கை காட்டுறாரு?"

எல்லாரும் சிரித்தார்கள். எபிக்கு ரோஷம் வந்துவிட்டது. தங்கச்சிக்குச் சவால் விட்டால் அவனுக்குப் பொறுக்காது. வாசலில் நின்ற வண்டியிலிருந்து டிரம்ஸை மாற்றி அடித்தான். மொட்டைமாடியில் அவளுக்காக அவன் பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு அடிக்கிற அதே அடி. அந்த அடி காதில் விழுந்தால் அவள் கால்கள் அவள் பேச்சைக் கேட்காது.

ஆடினாள்.

பயம் போகவில்லை. பயத்தோடேயே ஆடினாள். அதில் ஒரு விசித்திரம் இருந்தது. உள்ளே கிழிந்துவிட்டதாக நினைத்த நெஞ்சு, ஆட ஆட லேசாகிக்கொண்டே போயிற்று. காலையிலிருந்து அடைத்துக்கொண்டிருந்த மூச்சு அடிவரைக்கும் இறங்கியது. ரத்தம் வருகிற நெஞ்சு இவ்வளவு சுகமாகவா இருக்கும்? இல்லை, அணையப்போகிற விளக்கு பிரகாசமாக எரியும் என்பார்களே, அதுவா இது? நினைப்பு வந்ததும் நெற்றியிலிருந்து வேர்வை பொலபொலவென்று கொட்டியது. முகமூடிக்குள் வழிந்து வாய்க்குள் போயிற்று. உப்பு. ரத்தமும் உப்பு, அவள் வேர்வையும் உப்பு. எது எதுவென்று நாக்குக்குத் தெரியவில்லை.

ஆன்ட்டி கைதட்டியபடி கேக் தட்டை நீட்டினார். ஹெப்சி தலையாட்டி மறுத்தாள். முகமூடியைத் தூக்கினால் வாயைப் பார்த்துவிடுவார்களே.

வண்டியில் ஏறியதும் எபி மாத்திரை டப்பாவையும் பாட்டிலையும் நீட்டினான். "ஏன்டி கேக் வேணாம்னுட்ட? உடம்புக்கு ஏதாவது?"

"ஒண்ணுமில்ல. குடிக்க மட்டும் குடு."

"மொகத்தக் காட்டு."

"போடா, தாத்தா மொகத்தயெல்லாம் காட்டமாட்டாரு." பாட்டிலைத் தாடிக்கு அடியில் நுழைத்து இருட்டிலேயே குடித்தாள். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. தண்ணீரோடு சேர்த்து விழுங்கினாள்.

அடுத்தது வேதசிரோமணி சார் வீடு. அந்தப் பக்கம் கரன்ட் இருந்தது. அவர் வீடு சீரியல் லைட்டுகளில் கல்யாண மண்டபமாக ஜொலித்தது. வாசலில் சாரின் பேத்தி ஜோவிதா, பால் வெள்ளை ஃபிராக்கில், தாத்தாவைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

ஹெப்சி யோசிக்காமல் குழந்தையை வாரித் தூக்கினாள். ஒரு சுற்றுச் சுற்றினாள். குழந்தை கிளுகிளுவென்று சிரித்தது. இறக்கிவிட்டாள்.

"ஐயய்யோ! என்னது இது?" குழந்தையின் அம்மா அலறினாள்.

வெள்ளை ஃபிராக்கின் இரண்டு பக்கமும், ஹெப்சியின் கை பட்ட இடமெல்லாம், பட்டையாகச் சிவப்பு.

ஒரு கணம் ஹெப்சிக்கு ஒன்றும் புரியவில்லை. நம் ரத்தம் இவ்வளவா? கையிலிருந்துமா? பிறகு தன் கைகளைப் பார்த்தாள். வேர்வையில் ஊறிய சட்டைக் கையிலிருந்து சிவப்பு சொட்டிக்கொண்டிருந்தது. மணிக்கட்டு, விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் வெற்றிலை போட்ட வாய்போல.

"சாயம் போகுது ஜெஃப்ரி!" வேதசிரோமணி சார் தலையில் கைவைத்தார். "தண்ணில ஒரு அலசு அலசாமயா மாட்டிவிட்டீங்க?"

"இன்னைக்குத்தான் சார் பார்சல் வந்துச்சு... சாரி சிஸ்டர், வெரி சாரி. நான் வேற ஃபிராக்..."

"சாயமா?" என்றாள் ஹெப்சி. கிறிஸ்மஸ் தாத்தா பெண் குரலில் பேசியதில் குழந்தைகள் வாயைப் பிளந்தார்கள். "அண்ணா, சாயமா இது? நல்லாப் பாத்துச் சொல்லுங்க, சாயம்தானே?"

யார் பதிலுக்கும் காத்திருக்கவில்லை. தொப்பியைப் பிடுங்கிப் பிழிந்தாள். செக்கச்செவேலென்று ஒழுகியது. முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு வாசல் குழாய்க்கு ஓடினாள். அவள் முகத்தைப் பார்த்த எபி வண்டியிலிருந்து குதித்தே வந்துவிட்டான். நெற்றியிலிருந்து தாடைவரை சிவப்புக் கோடு கோடாக இறங்கியிருந்தது.

"ஏய், என்னடி இது, காளி வேஷமா?"

வாயைக் கொப்பளித்தாள். மறுபடி கொப்பளித்தாள். ஆழமாக மூச்சிழுத்து, இருமி, வெளிச்சத்தில் வெள்ளை சிமென்ட்மேல் துப்பிக் குனிந்து பார்த்தாள். மஞ்சள். தினமும் பார்க்கிற, அலுத்துப்போன, அழகான மஞ்சள்.

"எபி, மஞ்சள்டா!"

"சீ, கருமம். அதுக்கு ஏன்டி இப்படிச் சிரிக்கிற?"

அவளால் நிறுத்த முடியவில்லை. சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாயிற்று. ஈரக் கையோடு ஓடிவந்து வாசலில் நின்றாள். முகமூடி இல்லை, தாடி இல்லை. சிவப்புக் கோடு போட்ட முகத்தோடு ஒரு மெலிந்த பெண், வயிற்றில் தலையணை கட்டிய கிறிஸ்மஸ் தாத்தா. "அடிடா!" என்றாள் எபியிடம்.

அதற்குப்பிறகு நடந்ததைப் பீர்க்கன்கரணை இன்னும் கொஞ்ச நாள் பேசும். குதித்த குதியில் தலையணை நழுவி முழங்காலுக்கு வந்தது. குழந்தைகள் அதைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஆடினார்கள். ஜோவிதா கறைபட்ட ஃபிராக்கைக் கழற்ற மாட்டேன் என்று அழுது, அதோடேயே ஆடினாள். வண்டி ஓட்டுகிற சம்பத் அண்ணன், இந்துதான், கேரல் பாட்டு ஒன்றுகூடத் தெரியாது, இறங்கி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, "இன்னாமே, தாத்தா இந்தக் குத்து குத்துது! நம்ம பேட்டைல பொறந்த தாத்தாவா?" என்று கூடச் சேர்ந்துகொண்டார். வேதசிரோமணி சாரே ஒரு கையை மட்டும் தூக்கி ஆட்டினார். கேக் வந்தது. எபி மாத்திரையை எடுத்து அவள் வாயில் போட்டான். இரண்டு துண்டு தின்றாள், மூன்றாவதையும் கேட்டு வாங்கினாள்.

வீடு வந்து சேர்ந்தபோது ஊர் அடங்கியிருந்தது. குளித்து, மருந்துப் புகை இழுத்துவிட்டு, கட்டிலில் தலையைத் தாழ்த்திக் குப்புறப் படுத்தாள். அம்மா உள்ளங்கையைக் குழித்து முதுகில் வைத்தாள். தட்டுவதற்கு முன்னால் தினமும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். ரத்தம் வந்திருந்தால் தட்டக் கூடாது.

"ரத்தம் கித்தம் வந்துச்சா?"

"இல்லம்மா." பிறகு அவளால் வைத்துக்கொள்ள முடியவில்லை. "வரல. ஆனா வந்துடுச்சுன்னு நெனச்சேன்மா. செம காமெடி தெரியுமா!"

அம்மா தட்டத் தட்ட, குரல் அதிர அதிர, எல்லாவற்றையும் சொன்னாள். தாடியில் சிவப்பு, டார்ச், ரத்தினபாய் ஆன்ட்டி அடித்த கிண்டல், குழந்தையின் ஃபிராக், குழாயடியில் மஞ்சள். தலையணை நழுவிய இடத்தில் அவளே சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. தட்டுவதும் நின்றிருந்தது.

"தாடியைப் பாத்தது எங்க?"

"ரத்தினபாய் ஆன்ட்டி வீட்டு வாசல்ல."

"சாயம்னு தெரிஞ்சது?"

"வேதசிரோமணி சார் வீட்ல."

"நடுவுல?"

"நடுவுல..." ஹெப்சி தலையணையில் முகத்தைப் புதைத்தாள். "ஆடினேன்மா."

"ரத்தம்னு நெனச்சுக்கிட்டே?"

"ம்."

"எபிகிட்டகூட சொல்லல?"

"சொன்னா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுவான். நீ உடனே டாக்டருக்குப் போன் பண்ணுவ. போன வருஷம் மாதிரி..." குரல் உடைந்தது. இவ்வளவு நேரம் சிரிப்புக்கு அடியில் ஒளிந்திருந்த பயம் இப்போது மொத்தமாக ஏறி வந்தது. "எனக்குப் பயமா இருந்துச்சும்மா. ரொம்பப் பயமா இருந்துச்சு. ஆனா நிறுத்தணும்னு தோணவே இல்ல. அதுதாம்மா எனக்கு இப்ப இன்னும் பயமா இருக்கு."

அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலாம். குழித்த கை அப்படியே முதுகின்மேல் கிடந்தது. மூச்சு ஏறி இறங்குவதை அது எண்ணிக்கொண்டிருப்பது போலிருந்தது.

"சரி, சாயமாப் போச்சு, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றாள் அம்மா. "நாளைக்கு மேடவாக்கம் பக்கம் பவனி இருக்கு. நீ போ, வேணாம்னு சொல்லல. துணிய நானே அலசிப் போடுறேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு ஹெப்சி. நாளைக்கு அந்தத் தாடில நெஜமாவே ரத்தம் இருந்தா, நிறுத்திட்டு வந்து என்கிட்ட சொல்லுவியா?"