கிழக்கே வளர்ந்த அலுவலகம்

ஆம்பூர் பைபாஸ் அருகே ரத்தினசாமி நடத்தும் செக்யூரிட்டி கம்பெனியின் அலுவலகம், ஆள் சேர்க்கும்போதெல்லாம் ஓர் அறை வளர்ந்தது. கொத்தனார் வரவில்லை, சிமெண்ட் இறங்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவர் சீருடை போட்டு விசிலை ஒருமுறை ஊதிப் பார்ப்பார். அவர் முகம் பார்த்த திசையில், வெள்ளையடித்து, ஃபேன் மாட்டி ஓர் அறை நிற்கும். போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்ற ரத்தினசாமி இதற்கெல்லாம் அசரவில்லை. நல்ல காரியம் என்று எல்லோரையும் கிழக்கே பார்த்து ஊத வைத்தார். முதல் வருடம் மூன்று பேர், அடுத்த வருடம் ஏழு பேர்.

கிழக்கே சைராவின் வீடு. ஷூவின் மேல்தோலை வீட்டிலேயே கையால் தைத்துக் கொடுத்துத் தனியாகப் பிழைப்பவர். பாவம், வேறு போக்கிடம் கிடையாது. முதலில் முற்றம் போனது. படுக்கையறை இன்டர்வியூ அறையானது. சமையலறை மட்டும் மிஞ்சியது. நகராட்சியிலிருந்து வந்து அளந்தவர்கள், கட்டாமலே வளரும் கட்டடத்துக்கு எப்படி நோட்டீஸ் கொடுப்பது என்று தெரியாமல் டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

"இன்னா சார், அடுப்பு வரைக்கும் வந்துட்டீங்க. நான் எங்க போவேன்?"

"நான் இன்னாம்மா பண்றது? அது தானா வளருது."

அந்த வாரம் ஒரு ஷூ கம்பெனி, ஷிஃப்ட் முடிந்து போகும் பெண்களின் பைகளைச் சோதிக்கத் திங்கட்கிழமைக்குள் பத்துப் பெண் காவலர்கள் வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பந்தம் கிடையாது என்றது. ரத்தினசாமிக்கு ஒருத்தர்கூடக் கிடைக்கவில்லை. ஞாயிறு மாலை சைரா, தன்னோடு தைக்கும் வஹீதா முதலான ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு போய் நின்றார்.

"நாங்க வர்றோம் சார். ஆனா மேற்க பாத்துத்தான் ஊதுவோம். எங்களுக்கு நல்ல காரியம்னா அந்தப் பக்கம்தான்."

மேற்கே, போன தை மாதம் கிரகப்பிரவேசம் முடிந்த ரத்தினசாமியின் சொந்த வீடு இருந்தது. அதை எட்டிப் பார்த்தார், ஒப்பந்தத்தைப் பார்த்தார், தலையாட்டினார்.

மேற்கே ஓர் அறை முளைக்க முளைக்க, கிழக்கே ஓர் அறை பின்வாங்கியது. பத்தாவது விசிலில் சைராவுக்கு முற்றம் உட்பட எல்லாம் திரும்ப வந்துவிட்டது. அவர் வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார், அவ்வளவு சந்தோஷம். ரத்தினசாமியின் மனைவி இப்போது ஹெச்.ஆர். மேஜைக்குப் பக்கத்தில் சாம்பார் தாளிக்கிறார். நேர்காணலுக்கு வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.

சைராவின் படுக்கையறைச் சுவரில் மட்டும் கம்பெனியின் கைரேகை மெஷின் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அவர் அதைக் கழற்றவில்லை. காலையில் பாயிலிருந்து எழாமலே விரலை வைத்து வருகையைப் பதிந்துவிட்டு, இன்னும் அரை மணி நேரம் தூங்குகிறார்.