அந்த நாற்காலி யாருக்கு?

நண்பர்கள் அவருக்கு வைத்த பெயர் பூடகம். மனுஷன் எதையும் நேராகச் சொல்ல மாட்டார், தலையைச் சுற்றித்தான் மூக்கைத் தொடுவார். கதையில் ஒருத்தி செத்துப்போனாள் என்றால், அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, இறக்க ஆளில்லை என்று எழுதி நிறுத்திக்கொள்வார். படிக்கிறவன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். கண்டுபிடித்தவன் கைதட்டுவான். பிழைப்பு அப்படி.

அந்தப் பிழைப்புக்கு உரைகல் அவர் மனைவி. முன்னறையில் தையல் மெஷின் போட்டு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைக்கிறவள். கதை எழுதியதும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பார். எந்த இடத்தில் குட்டு உடைகிறதோ, அந்த இடத்தில் அவள் கால் பெடலை மிதிப்பதை நிறுத்திவிடும். "கண்டுபிடிச்சுட்டியா? போச்சு!" என்று அங்கேயே இரண்டு வரியை அடிப்பார். மெஷின் கடைசிவரை ஓடி, முடிந்தபிறகு அவள் யோசித்து, "ஓ, அப்படியா சங்கதி!" என்றால்தான் கதை தபாலுக்குப் போகும். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் வழக்கம்.

இவ்வளவு செய்தவளுக்கு அவர் என்ன செய்தார்? ஒரு பரிசளிப்பு விழாவில், "உங்க கதையை முதல்ல யாருக்குப் படிச்சுக் காட்டுவீங்க?" என்று கேட்டார்கள். அவள் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். இவர் மைக்கைப் பிடித்து, "யாருக்கும் இல்லை. எழுத்தாளன் தனி ஆள்" என்றார். பலத்த கைதட்டல். என்ன கைதட்டல் வேண்டிக்கிடக்கு!

அதன்பிறகு வீட்டில் "சாப்பிட வாங்க", "போதுமா" என்பதோடு பேச்சு நின்றது. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. ஒருநாள், "அக்கா கூப்பிடுறா. அங்கேயே தையல் கடை போட இடமிருக்காம். போயிடலாம்னு பார்க்கிறேன்" என்றாள்.  தப்பு தன்மேல்தான் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். 'மன்னிச்சுடு, போகாதே' என்றால் முடிந்தது. அது வாயில் வரவில்லை. அதனால் கதை எழுதினார்.

ஒரு மேஜிக்காரன். அவனுடைய பெட்டிக்குள் ஒளிந்திருந்து வித்தையை நடத்திக்கொடுப்பது யாரென்று கதையில் வராது. கடைசி நாள் மேடையில் ஒரு காலி நாற்காலியைப் போட்டு, அதன் முன்னால் குனிந்துவிட்டுப் போகிறான். அவ்வளவுதான்.

வாசிக்க ஆரம்பித்தார். முதல் பத்தியிலேயே மெஷின் நின்றது.

"கண்டுபிடிச்சுட்டியா?"

"இல்ல, நூல் அறுந்துடுச்சு. நீங்க படிங்க."

படித்து முடித்தார். அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "ஒண்ணும் புரியலையே. அந்த நாற்காலி யாருக்கு?"

'உனக்குத்தான்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பிறவிப் புத்தி எங்கே போகும்! "உனக்கே புரியலையா? அடி சக்கை! அப்போ கதை ஜெயிச்சிடுச்சு!" என்று குதித்துக்கொண்டு தபால் கவரைத் தேடப் போனார்.

மறுநாள் காலையில் அவள் பெட்டியோடு வாசலில் நின்றாள். "அப்போ நான் வரட்டுமா?" என்றாள். இவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே, "பஸ்ல ஜன்னலோரமா உட்காரு" என்றார். போய்விட்டாள்.

கதை அச்சில் வந்தது. பாராட்டு குவிந்தது. வீட்டில் ஈ, காக்கை இல்லை. பொறுக்க முடியாமல் போன் செய்தார்.

"கதை வந்திருக்கு. உனக்குத்தான் புரியல. ஊரே புரிஞ்சுக்கிச்சு."

"எனக்கு முதல் பத்தியிலேயே புரிஞ்சுது. நூலும் அறுந்துபோகல, ஒண்ணும் இல்ல."

"அப்புறம் ஏன்டி புரியலன்னு சொன்ன?"

"ஒரு தடவையாவது உங்க வாயால சொல்வீங்கன்னு பார்த்தேன். ஊருக்கெல்லாம் ஜாடை காட்டுங்க, வேண்டாங்கல. எனக்குமா ஜாடை?"

 அவள் போனை வைக்கவில்லை, காத்திருந்தாள். மூச்சு கேட்டது. சொல்லித் தொலைக்கக்கூடாதா! அவர் முன்னறையைப் பார்த்தார்.

"மெஷின்ல தூசி படிஞ்சு கிடக்கு" என்றார்.



"துணி போட்டு மூடி வைங்க" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள்.

அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. "மன்னிச்சுடு. வந்துடு" என்றார். இப்போது எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது!