இடக்கைத் தையல்

ரங்கூன் கப்பல் வந்தால்தான் ராயபுரம் பக்கத்துச் சனத்துக்குச் சோறு. மூன்று வேளையும் அரிசிச் சோறு தின்கிற தைரியத்தை அந்தக் கப்பல்தான் கொடுத்தது. பூவம்மாவுக்கு அது சோற்றோடு நிற்கவில்லை. அவள் புருஷனும் அந்தக் கப்பலில்தான் வந்துகொண்டிருந்தான், மூட்டை மூட்டையாக.

எத்திராஜ் ரங்கூன் அரிசி மில்லுக்குக் கோணி தைக்கப் போய் மூன்று வருஷம். பூவம்மா மதராஸ் துறைமுகக் கிடங்கில் கிழிந்த கோணிகளைத் தைப்பவள். எத்திராஜ் இடக்கைக்காரன். மற்றவர்கள் தைத்தால் தையல் ஒரு பக்கம் சாயும். அவன் தைத்தால் எதிர்ப்பக்கம் சாயும். நூறு மூட்டைக்கு நடுவில் கிடந்தாலும் அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

"இன்னாடி, இன்னிக்கு உன் வூட்டுக்காரரு எத்தினி பேரு வந்துகீறாரு?" என்று கூடத் தைக்கிற பெண்கள் கிண்டல் பண்ணுவார்கள். அவளும் சளைக்காமல் பதில் சொல்வாள்.

அந்த வருஷம் பொங்கலுக்கப்புறம் கடுதாசி நின்றுபோயிற்று. நாத்தனார் மலர்க்கொடி பயந்துபோய், கப்பலில் வந்து இறங்குகிற யாரையாவது விசாரிக்கச் சொல்லி நச்சரித்தாள். பூவம்மா போகவில்லை. எழுதத் தெரியாதவன், எழுதிக்கொடுக்க ஆள் கிடைத்திருக்காது, கைதான் கப்பலுக்குக் கப்பல் வந்து இறங்குகிறதே, அதைவிடவா கடுதாசி என்றாள். பங்குனியிலும் அவன் தையல் வந்தது, சித்திரையிலும் வந்தது, ஆனியிலும் வந்தது. அரிசி விலை மட்டும் படுத்துக்கொண்டே போயிற்று. வாங்கித் தின்கிற சனத்துக்குக் கொண்டாட்டம்.

ஆடி மாதம் ஒரு மத்தியானம் மதார் சாகிப் கிடங்குக்குள் வந்தார். எத்திராஜோடு அதே மில்லில் வேலை பார்த்தவர். மில்லில் ஆளைக் குறைத்ததும் ஊர் திரும்பி, அன்று காலைதான் கப்பலை விட்டு இறங்கியிருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மாசி மாதம் கூலியாட்கள் குடியிருக்கிற லைனில் பேதி கண்டு எத்திராஜ் இரண்டே நாளில் போய்விட்டான், நாலு பேராகத் தூக்கிப்போய்ப் புதைத்தோம் என்றார்.

பூவம்மா சிரித்துவிட்டாள். காலையில் இறங்கிய அடுக்குக்கு அவரை அழைத்துப்போய் ஒரு மூட்டையின் வாயைக் காட்டினாள்.

"இது யாரு கை பாய்? செத்தவன் தெப்பானா?"

சாகிப் தையலை விரலால் தடவிப் பார்த்தார்.

"அவன் கைதாம்மா. ஆனா இது போன வருசம் தெச்சது. சீமையில வெல வுழுந்துபோச்சி, வாங்க ஆளில்ல. மில்லுக்காரன் கொடோன்ல அடுக்கி வெச்சிகினு குந்திகினு இருந்தான். இப்போ வந்த வெலைக்குக் கொஞ்சம் கொஞ்சமா தள்ளிவுடறான்."

அவள் அந்த மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டாள். மாசி முடிந்து ஐந்து மாசம் பொட்டு வைத்து, பூ வாங்கி, கிண்டலுக்குப் பதில் கிண்டல் பேசியாயிற்று. ஒரு வார்த்தை யாரையாவது கேட்டிருந்தால் அப்போதே அழுதிருப்பாள்.

மேஸ்திரி வெள்ளத்துரை, மண்டிக்குப் போகிற வண்டி நிற்கிறது, மூட்டையை விட்டு எழுந்திரு என்றான். எழுந்தாள். அதையும் தூக்கி வண்டியில் போட்டார்கள். வண்டி டோல்கேட் பக்கம் திரும்பிப் போனது.

"இன்னும் எத்தினி கீது பாய், அங்க?"

"ரெண்டு கப்பலுக்கு வரும்."

"அப்போ வூட்ல ஒண்ணும் சொல்லிடாத பாய். அந்த ரெண்டும் வந்து எறங்கட்டும். அதுவரிக்கும் அவரு கீறாருன்னே இருக்கட்டும்."

மதார் சாகிப் தலையைக் குனிந்துகொண்டார். வீட்டில் சொல்லிவிட்டுத்தான் அவர் இங்கே வந்திருந்தார். கிடங்கு வாசலில் மலர்க்கொடி மாரில் அடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் தெருவே வந்தது.