உப்புத் தண்ணி

இருந்தவர்கள்: நான், என் மனைவி கனகலட்சுமி, தூத்துக்குடியிலிருந்து வந்த அவள் தம்பி மாரிசெல்வம், பாலித்தீன் பையில் ஒரு மீன்.

மில்லில் இரவு ஷிப்டை நான் விட்டு மூன்று மாதம். அதற்கு முன்பு, பகலில் நான் தூங்கும்போது யாரும் கதவைத் தட்டக் கூடாதென்று, கடைக்குப் போனாலும் கனகலட்சுமி வெளியே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள். அந்தப் பழக்கம் நின்றுவிட்டது. பேச்சும் குறைந்துவிட்டது. பேசினால் அம்மா வீட்டுக்குப் போவதைப் பற்றித்தான். திருச்சுழியில் கடல் இல்லாதது என் குற்றம் என்பதுபோல் பார்ப்பாள். கடலில் கொஞ்சம் வீட்டுக்குள் வந்தால் இருப்பாள் என்று நினைத்து, நான்தான் மீன் கேட்டிருந்தேன்.

"தொட்டியில உப்புத் தண்ணிய நெறச்சு வையுங்க அத்தான்" என்று மாரிசெல்வம் போனில் சொல்லியிருந்தான். நிறைத்து வைத்தேன்.

மீன் என் சுண்டுவிரல் அளவுகூட இல்லை. உடம்பெல்லாம் நீலம், வால் மட்டும் மஞ்சள். விட்டதும் உடைந்த பூந்தொட்டித் துண்டுக்கு அடியில் புகுந்துகொண்டது. விரலை நீட்டினேன். பாய்ந்து வந்து கொத்தியது.

"பவளப்பாறையில ஒரு சாண் எடத்தப் புடிச்சுக்கிடும். முங்குற ஆளையே கடிக்கும்" என்றான் மாரிசெல்வம். "ஆம்பள மீனு கல்லச் சுத்தம் பண்ணி வச்சு, முட்டைக்குக் காவல் கெடக்கும். செட்டையால விசிறிக்கிட்டே இருக்கும்."

"பொண்டாட்டி?" என்றாள் கனகலட்சுமி.

"முட்டையப் போட்டுட்டு அது பாட்டுக்குப் போயிரும்க்கா."

"வெவரமானவ."

என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

கொஞ்ச நேரத்தில் மீன் ஒருபக்கமாகச் சாய்ந்தது. நீலம் மங்கியது. கனகலட்சுமி தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"இது என்ன தண்ணி?"

"உப்புத் தண்ணி. போர்த் தண்ணி."

மாரிசெல்வம் தலையில் அடித்துக்கொண்டான். "அத்தான், நான் கடல் தண்ணியச் சொன்னேன்!"

"குழாயில வாரம் ஒருநா வாரது நல்ல தண்ணி. சோப்பு நுரைக்காதது உப்புத் தண்ணி. எங்க ஊர்ல வேற ஏதுல?"

அவள் சிரித்துவிட்டாள். மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு. சிரித்தபடியே மீனை அள்ளி, கடல்நீர் மிச்சமிருந்த பைக்குள் விட்டாள். அது மெல்ல நிமிர்ந்தது. சிரிப்பு நின்றது.

"இந்தத் தண்ணி சாயங்காலம் வரைக்கும்தான் தாங்கும். நான் கொண்டுபோய்க் கடல்ல விட்டுர்றேன்" என்றான் மாரிசெல்வம்.

"நானே கொண்டு போறேன்."

இரண்டு சேலையை எடுத்து ஒரு துணிப்பைக்குள் திணித்தாள். மீனை விட்டுவர இரண்டு சேலை எதற்கு என்று நான் கேட்கவில்லை.

"எப்ப வருவ?"

"பஸ்ஸு போயிரும்."

தம்பி முன்னால் நடந்தான். அவள் மீனைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். பின்வாசல் திறந்துதான் கிடந்தது. நான் தொட்டி முன்னாலிருந்து எழுந்திருக்கவில்லை.

முன்கதவைச் சாத்துவது கேட்டது. பிறகு வெளியே பூட்டு விழுந்து, சாவி ஒருமுறை திரும்பியது.