சண்டைக்கு ஆதாரம்

அவர்களுடைய கல்யாண வாழ்க்கையில் மூன்றாவதாக ஒரு ஆள் இருந்தார். அவரை இருவருமே பார்த்ததில்லை. ஆணா பெண்ணா, நெட்டையா குட்டையா என்றுகூடத் தெரியாது. ஆனால் அவருக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்பது மட்டும் இருவருக்கும் அத்துப்படி. அவர்தான் விசா ஆபீசர்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். அவள் கடல் தாண்டி ஒரு ஆஸ்பத்திரியில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். கல்யாணமான கையோடு ஒரு மழைக்காலம் மட்டும் சேர்ந்து குடித்தனம் நடத்தினார்கள். லீவு முடிந்து அவள் கிளம்பிப் போனாள். பின்னாலேயே அவனும் போவதாக ஏற்பாடு. அந்தப் 'பின்னாலேயே' இப்போது மூன்றாவது வருஷமாக நடந்துகொண்டிருந்தது.

அவனுக்கு விசா விண்ணப்பம் போட்டுக்கொடுத்தவரை எல்லாரும் ஃபைல் சார் என்பார்கள். அவருடைய ஆபீஸ் இருக்கும் கட்டடத்தின் லிஃப்டை இவன்தான் பார்த்துக்கொள்கிறான். பழக்கம் அப்படி ஏற்பட்டது. முதல் நாளே அவர் ஒரு எச்சரிக்கை கொடுத்தார்.

"தம்பி, உங்க கல்யாணம் நிஜம்னு காட்டறதுக்கு, நீங்க ரெண்டு பேரும் எழுதிக்கிற ஒவ்வொரு மெசேஜையும் மொழிபெயர்த்து, முத்திரை குத்தி, ஆபீசர் மேசைக்கு அனுப்பணும். அதனால எழுத்துல சண்டை கிண்டை வேண்டாம்."

"சண்டை வந்தா என்ன சார் பண்றது?"

"வாய் எதுக்கு இருக்கு? போன்ல போட்டுக்குங்க. பேச்சுக்கு ஏது ஆதாரம்?"

அன்றோடு குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. அன்பு எழுத்துக்குப் போயிற்று, சண்டை பேச்சுக்கு வந்தது.

போனில் அவள் பொரிந்து தள்ளுவாள். சாதாரணமாக அவனை 'நீங்க' என்கிறவள்தான். கோபம் வந்தால் அந்த 'ங்க' முதலில் கழன்று விழும்.

"உங்கம்மா என் சித்திகிட்ட என்னைப் பத்தி என்ன சொன்னாங்கன்னு தெரியுமா? தெரியும். தெரிஞ்சும் வாயைத் தொறக்காம உக்காந்திருந்திருப்பே. நீயெல்லாம் ஒரு ஆளா? வை போனை!"

போனை வைத்த சூடு ஆறுவதற்குள் எழுத்து வரும்.

'என் அன்புக் கணவருக்கு, உங்களோடு பேசியதில் மனம் நிறைந்தது. நம் திருமண நாளை நினைத்துக்கொண்டேன். சாப்பிட்டீர்களா?'

அவனும் சளைக்க மாட்டான். 'அன்பு மனைவியே, சாப்பிட்டேன். நீ இல்லாத வீடு வீடாகவே இல்லை. அம்மாவும் உன்னை மிகவும் விசாரித்தார்கள்' என்று பதில் போடுவான். அந்த நேரத்தில் அம்மா சமையலறையில் பாத்திரத்தோடு பாத்திரத்தை மோதவிட்டு வேறு மாதிரி விசாரித்துக்கொண்டிருப்பார்.

"கல்யாணமான பையனுக்கு இன்னும் நான்தான் சோறு கட்டிக் கொடுக்கிறேன். விசாவாம் விசா. நான் போய்ச் சேர்ந்தப்புறம்தான் வரும்போல."

அவனுடைய வேலையில் ஒரு வழக்கம் உண்டு. லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் இரண்டு பேர் போவார்கள். ஒருவர் மேலே மோட்டார் அறைக்கு ஏறி, மின்சாரத்தை நிறுத்தி, பிரேக்கைத் தளர்த்திச் சக்கரத்தைக் கையால் சுற்றுவார். இன்னொருவர் கதவோரம் நின்று உள்ளே இருப்பவரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எவ்வளவு நேரமாகும் என்று மட்டும் சொல்லக்கூடாது. சொன்ன நேரம் தப்பினால் உள்ளே இருப்பவருக்கு மூச்சு முட்டிவிடும். அவனுக்கு நிதானமான குரல். அதனால் எப்போதும் கதவோரம் அவன்தான், மேலே அவனுடைய கூட்டாளி.

ஒருமுறை மாட்டிக்கொண்டவர் ஃபைல் சார்.

"எவ்வளவு நேரம்பா ஆகும்?" என்றார் உள்ளேயிருந்து.

அவன் எந்தக் குறும்பும் நினைக்கவில்லை. விசா பற்றி எப்போது கேட்டாலும் அவர் சொல்லும் பதில் நாக்கில் ஊறியிருந்தது, வந்துவிட்டது. "ப்ராசஸ்ல இருக்கு சார்."

உள்ளேயிருந்து கதவை ஓங்கிக் குத்தும் சத்தம் கேட்டது. அப்புறம் அவன் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டினார் பாருங்கள், மாடிப்படியில் போனவர்கள் எல்லாம் நின்று கேட்டார்கள். அவன் நிம்மதியாகச் சுவரில் சாய்ந்துகொண்டான். திட்டுகிறவருக்கு ஒன்றும் ஆகாது. திட்டு நின்றுபோனால்தான் மேலே இருப்பவனுக்குக் குரல் கொடுத்து அவசரப்படுத்த வேண்டும். தொழிலில் அவன் கற்ற முதல் பாடம் அது.

தொழிலில் கற்றது வீட்டுக்கு உதவவில்லை. நாளாக ஆக, எழுத்தில் இருந்த சர்க்கரை பேச்சுக்குள் கசிந்துகொண்டிருந்ததை அவன் கவனிக்கவேயில்லை.

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன். நீ?"

"ஆச்சுங்க. அத்தை சௌக்கியமா?"

"சௌக்கியம்."

"சரிங்க."

வாரக்கணக்கில் இப்படியே போயிற்று. அவளுக்குப் பக்குவம் வந்துவிட்டது என்று அவன் நினைத்துக்கொண்டான். கூட்டாளியிடம் பெருமையடித்தும் கொண்டான்.

"இப்பல்லாம் எங்களுக்குள்ள சண்டையே இல்லடா."

கூட்டாளி கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான். "சண்டையே இல்லையா? யாராவது டாக்டர்கிட்ட காட்டினியா?"

இந்த நிலையில்தான் ஆபீசரிடமிருந்து கடிதம் வந்தது. ஃபைல் சார் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல அவர் குரலே இறங்கிக்கொண்டு போயிற்று. சமர்ப்பிக்கப்பட்ட செய்திகள் எதிலும் கணவன் மனைவிக்கிடையே எந்தக் கருத்து வேறுபாடும் காணப்படவில்லை. அவை பிறர் படிப்பதற்காக எழுதப்பட்டவையாகத் தோன்றுகின்றன. ஆகவே உறவு உண்மையானது என்பதற்கு மேலும் ஆதாரம் தேவை.

"கொஞ்சம் அதிகமாவே ஒத்துமையா இருந்துட்டீங்க தம்பி."

"சண்டை வேண்டாம்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"வேண்டாம்னுதான் சொன்னேன். அதுக்காக மருந்துக்குக்கூட ஒண்ணு இல்லாம இருப்பாங்களா? என் வீட்டுக்கு வந்து பாரு, ஆதாரம் அலமாரி கொள்ளாது."

"இப்ப என்ன பண்றது?"

ஃபைல் சார் யோசித்தார். "ஒரு நடுத்தரமான சண்டை வேணும். விவாகரத்துங்கற வார்த்தை மட்டும் வரக்கூடாது. கடைசிப் பக்கத்துல சமாதானம் ஆயிடணும். சீக்கிரம் முடிச்சுக் கொடு, மொழிபெயர்க்க நாள் வேணும்."

"கடிதம் வந்தப்புறம் போட்ட சண்டைன்னு கண்டுபிடிச்சிட மாட்டாங்களா?"

"கடிதம் வந்த கடுப்புல சண்டை வந்துச்சு. அதைவிட இயற்கையா என்ன இருக்கு?"

அன்றைக்கே அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னான். அவள் மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. "சரிங்க. ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. மத்தியானம் வெச்சுக்கலாமா?" என்றாள், பல் டாக்டரிடம் நேரம் குறிப்பதுபோல. எதைப் பற்றிச் சண்டை என்பதை அவனே முடிவு செய்தான். அவள் வீட்டு ஜன்னலுக்குப் போட்ட நீலத் திரை. யாருக்கும் காயம்படாத விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை அவன்தான் தொடங்கினான்.

'நம் வீட்டு ஜன்னலுக்கு நீ நீல நிறத்தில் திரை போட்டது எனக்குச் சற்றே மனவருத்தம் அளிக்கிறது.'

பதில் உடனே வந்தது. 'உங்கள் மனவருத்தத்தைப் புரிந்துகொள்கிறேன். மாற்றிவிடுகிறேன்.'

அவன் தலையில் அடித்துக்கொண்டு போன் போட்டான். "இப்படி ஒத்துக்கிட்டா எப்படி? எதிர்த்துப் பேசு."

"எனக்கு வரலைங்க."

"வரலையா? முன்னெல்லாம் வாயைத் தொறந்தா அருவி மாதிரி கொட்டுமே. அதுல ஒரு சொம்பு எழுத்துல ஊத்து."

அவள் போனை வைத்துவிட்டாள். சற்று நேரம் கழித்து எழுத்து வந்தது. அதில் அன்புக் கணவர் இல்லை, முற்றுப்புள்ளி இல்லை. பேசுகிற மாதிரியே எழுதியிருந்தாள்.

'எந்த ஜன்னல்'

'உன் வீட்டு ஜன்னல்தான்' என்றான் அவன்.

'இங்க ஜன்னலே இல்ல. அந்த வீட்டைக் காலி பண்ணிட்டேன். போன மாசமே'

அந்த வீட்டை அவன் நேரில் பார்த்ததில்லை என்றாலும் மூலை முடுக்கெல்லாம் தெரியும். இரண்டு அறை. இவன் வந்தால் வேண்டுமே என்று அவள் ஒண்டியாக இருக்கும்போதே எடுத்தது. அலமாரியில் இடதுபக்கம் இவனுக்கென்று காலியாக விட்டிருந்தாள். வீடியோவில் காட்டியிருக்கிறாள்.

'காலி பண்ணிட்டு எங்க இருக்கே?'

'ஆஸ்பத்திரிக்குப் பின்னால ஒரு ரூம். ஒத்தக் கட்டில்'

'என்கிட்ட ஏன் சொல்லல?'

'சொல்லியிருந்தா என்ன எழுதியிருப்பே? அன்பு மனைவியே உன் முடிவை மதிக்கிறேன்னு எழுதியிருப்பே'

'ங்க' கழன்று விழுந்திருந்தது. எழுத்தில் அது விழுந்து அவன் பார்த்ததே இல்லை.

'அப்ப நான் வருவேங்கற நம்பிக்கை போயிடுச்சா?'

'நீ வர்றது இருக்கட்டும். நீ இருக்கியான்னே தெரியல. நான் இவ்வளவு நாளா அந்த ஆபீசரோட குடும்பம் நடத்திக்கிட்டிருக்கேன். அவனுக்குப் பிடிச்ச மாதிரி எழுதறேன், அவனுக்குப் பிடிச்ச மாதிரி பேசறேன். காய்ச்சல்ல கிடந்தப்பகூட நலமாக உள்ளேன்னு எழுதினேன். நீ மகிழ்ச்சின்னு பதில் போட்டே'

அவனுக்குக் காது சூடேறியது. அவள் காய்ச்சலில் கிடந்தது அவனுக்குத் தெரியாது. அதை ஒத்துக்கொள்ளத்தான் நினைத்தான். விரல் வேறு எழுதிற்று. 'உன் தம்பி கல்யாணத்துல என்னை ஒருத்தர்கூட உக்காருன்னு சொல்லல. அதை நான் இன்னிக்கு வரைக்கும் எழுதினேனா?'

அதற்கப்புறம் மடை திறந்தது. சித்தி வந்தாள், அம்மா வந்தார், அவனுடைய குறட்டை வந்தது. கல்யாணத்தன்று அவள் செருப்பை யாரோ போட்டுக்கொண்டு போனதும், அதற்கு இவன் சிரித்ததும் வந்தன. சமாதானம் மட்டும் வரவில்லை. கடைசியாக அவள் எழுதினாள்.

'இத மட்டும் அந்த ஆபீசருக்கு அனுப்பினே, அப்புறம் நீ வரவே வேண்டாம்'

மறுநாள் அவன் ஃபைல் சார் முன்னால் போய் நின்றான்.

"சண்டை வந்துடுச்சு சார்."

"சபாஷ்! கொடு, கொடு."

"தர மாட்டேன்."

"என்னய்யா இது? அதுதானே ஆதாரம்?"

"ஆதாரம் இல்ல சார். சண்டை."

ஃபைல் சார் கெஞ்சினார், மிரட்டினார், அவனுடைய எதிர்காலத்தை விரித்துக் காட்டினார். அவன் மசியவில்லை. கடைசியில் அவர் மேசையிலேயே உட்கார்ந்து ஆபீசருக்குத் தன் கைப்பட எழுதினான்.

'ஐயா அல்லது அம்மா, எங்களுக்குள் பெரிய சண்டை நடந்தது. அது உங்களுக்காகப் போட்டது இல்லை என்பதால் உங்களுக்கு அனுப்ப முடியாது. சந்தேகமிருந்தால் எங்கள் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, சண்டை எதனால் வந்தது என்று கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போகாது.'

"இதை அனுப்பினா நாமம்தான்" என்றார் ஃபைல் சார். என்றாலும் ஃபைலில் காலியாக ஒரு இடம் இருப்பதைப் பார்க்க அவருக்கு மனசு கேட்காது. மொழிபெயர்த்து அனுப்பிவிட்டார்.

அவளிடமிருந்து போன் இல்லை. அவன் கூப்பிட்டால் மணியடித்து அடித்து ஓய்ந்தது. 'சாப்பிட்டாயா' என்று எழுதினான், அழித்தான். 'காய்ச்சல் எப்ப வந்துச்சு' என்று எழுதி அனுப்பினான். படித்ததற்கு அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. மாட்டிக்கொண்ட லிஃப்டின் கதவில் காதை வைத்து நிற்கும்போதெல்லாம் அவனுக்கு அவள் நினைவுதான் வந்தது. திட்டு நின்றுபோயிருந்தது. மேலே குரல் கொடுத்து அவசரப்படுத்தவும் ஆளில்லை.

யாரும் எதிர்பார்க்கவில்லை, ஆபீசர் கூப்பிட்டார். வீடியோவில், இருவரையும் தனித்தனியாக. கேட்டவர் ஒரு பெண்மணி, பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். எடுத்த எடுப்பிலேயே சண்டையைப் பற்றித்தான் கேட்டார். தனக்குத் தெரிந்ததை அவன் சொன்னான். அதற்கப்புறமும் அவளிடமிருந்து பேச்சில்லை.

ஒருநாள் காலையில் அவன் மோட்டார் அறையில் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அவள்.

"ஏய், ஜன்னல்னா சொன்னே?"

அவன் எண்ணெய் டப்பாவைக் கீழே வைத்தான்.

"உன்னைத்தான் கேக்கறேன். சண்டை எதனால வந்துச்சுன்னு கேட்டதுக்கு, ஜன்னல்னா சொன்னே? அந்தம்மா என்கிட்ட சொல்லிச் சிரிக்குது. நான் காய்ச்சல்னு சொல்லிட்டு வந்திருக்கேன். இவ்வளவு நடந்ததும் உனக்கு ஜன்னல்தானா?"

"வீட்டைக் காலி பண்ணினதைத்தான்... ஜன்னல்னு..."

"யார் ஆரம்பிச்சதுன்னு கேட்டதுக்கு என்னைச் சொன்னியாமே?"

"நீ யாரைச் சொன்னே?"

"உன்னைத்தான்! பின்னே?"

"யார் விட்டுக்கொடுத்ததுன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க. சமாதானம் இன்னும் ஆகலேன்னு சொன்னேன்."

"நானும் அதான் சொன்னேன்."

அது ஒன்றில்தான் இரண்டு பதிலும் ஒத்துப்போயிருந்தது. அவள் ஒரு நொடி நிறுத்தினாள். அவனுக்குத் திக்கென்றது. நல்லவேளை, மூச்சு வாங்கத்தான் நிறுத்தியிருந்தாள்.

"அந்தக் காய்ச்சல் எப்ப வந்துச்சுன்னு இப்பத்தான் கேக்கத் தோணுச்சாக்கும்? அதுவும் எழுத்துல? போன்ல கேட்டா வாய் கோணிடுமா?"

"போன் பண்ணேன். நீதான் எடுக்கல."

"எடுக்கலேன்னா விட்டுடுவியா?"

அப்போது அவன் கையிலேயே போன் ஒருமுறை அதிர்ந்தது. திரையைப் பார்த்தான். ஆபீசரிடமிருந்து மின்னஞ்சல். முடிவு தெரிவிக்கப்படுகிறது என்று தலைப்பில் இருந்தது.

"இரு இரு, மெயில் வந்திருக்கு. முடிவு வந்துடுச்சு."

"வரட்டும். நம்மள எத்தனை நாள் காக்க வெச்சாங்க, கொஞ்சம் அவங்களும் காத்திருக்கட்டும். நீ முதல்ல இதுக்குப் பதில் சொல்லு. ஒத்தக் கட்டில்னு எழுதினேனே, அதுக்கு என்ன பதில் சொன்னே நீ? என் தம்பி கல்யாணத்துக்குப் போயிட்டே. இப்ப நான் ரெட்டைக் கட்டில் வாங்கிப் போட்டா, இந்த ரூம்ல கதவு திறக்குமா? யோசிச்சியா அதை?"

அந்த மின்னஞ்சலைப் பிற்பாடு திறந்தபோது, அனுமதி என்றுதான் இருந்தது. ஆனால் அது பிற்பாடு. கீழேயிருந்து கூட்டாளி, "என்னடா, முடிஞ்சுதா? லிஃப்டை விடலாமா?" என்று குரல் கொடுத்தான்.

அவன் போனைக் காதில் இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, எண்ணெய் டப்பாவை நகர்த்திவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தான்.

"இல்லடா, இப்ப முடியாது" என்றான். "திட்டு வாங்கிக்கிட்டிருக்கேன்."