முந்திக்கொண்ட சிரிப்பு

தையற்கடை வைத்திருந்த அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. தங்கையோ வாய் திறந்து பேசுவதற்கு முன்பே கையால் பேசக் கற்றுக்கொண்டவள். அக்காவோடு சண்டை போடவாவது அது வேண்டியிருந்தது. வளர்ந்ததும் அதையே முறையாகப் படித்து, நீதிமன்றத்திலும் ஆஸ்பத்திரியிலும் சைகை மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தாள். மேடை மட்டும் ஏறியதில்லை.

அந்த வருஷம் நகரத்துக் கலை விழாவில் அவளைக் கூப்பிட்டார்கள். பூங்காவில் திறந்தவெளி மேடை. டிக்கெட்டும் கிடையாது, பாஸும் கிடையாது. ஒரு நகைச்சுவை நாடகத்தை அவள் கைகளால் சொல்ல வேண்டும். விடாமல் ஒத்திகைக்குப் போய், வசனம் முழுவதையும் மனப்பாடம் செய்தாள். அக்கா அவளுக்குப் பூவும் கோடும் இல்லாத கறுப்புச் சட்டை ஒன்று தைத்துக் கொடுத்தாள். அப்போதுதான் விரல்கள் பளிச்சென்று தெரியும்.

அன்று மாலை அக்கா அம்மாவையும் அழைத்துக்கொண்டு நேரத்தோடு போனாள். கூடவே காது கேளாத சிநேகிதர்கள் ஒரு பட்டாளம். உட்கார்ந்து பார்த்தால், தங்கையை மேடை ஓரத்தில் பெரிய ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். தலை மட்டும் தெரிந்தது, கையைக் காணோம்.

அக்காவுக்குச் சுர்ரென்று வந்தது. நேராக மேடைக்குப் போய், விழாப் பொறுப்பாளர் முன்னால் நின்று படபடவென்று கைகளை வீசினாள்.

"என்ன சொல்றாங்க?" என்றார் அவர்.

"கை தெரியலையாம். என்னை நடுவுல நிக்க வைக்கச் சொல்றாங்க," என்றாள் தங்கை.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லும்மா. இலவச நிகழ்ச்சிதானே?"

தங்கை அதை அப்படியே சைகையில் சொன்னாள். அக்கா நுழைவாயிலில் தொங்கிய பேனரைக் காட்டிவிட்டுப் பதில் சொன்னாள். தங்கை அதைப் பேச்சாக்கினாள்.

"எல்லாருக்கும் இலவசம்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கீங்க. அந்த 'எல்லாரும்'ல நாங்களும் சேர்த்திதானேன்னு கேக்கறாங்க."

பொறுப்பாளர் பேனரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அவள் அசைகிற மாதிரி தெரியவில்லை. "சரி, இப்படி வந்து நில்லும்மா," என்று தங்கையை நடிகர்களுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினார்.

நாடகம் களைகட்டியது. மாமியாருக்குப் பயந்து பீரோவுக்குள் ஒளிந்துகொள்ளும் மாப்பிள்ளையின் கதை. மாமியார் பீரோவைத் திறந்து, "இங்க என்ன பண்றீங்க மாப்பிள்ளை?" என்று கேட்கிற கட்டம் வந்தது. மாப்பிள்ளை வேஷக்காரர் வாயைத் திறந்தார். வசனம் வரவில்லை. பேயறைந்தவர் போல விழித்துக்கொண்டு நின்றார். கூட்டம் காத்திருந்தது.

தங்கை காத்திருக்கவில்லை. உள்ளங்கையைப் போனாக்கி அண்ணாந்து பிடித்தாள், மூலை மூலையாக நீட்டினாள், எக்கினாள், குனிந்தாள். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக உயர்த்தி, முகமெல்லாம் பல்லாக நின்றாள்.

அக்காவின் வரிசை குபீரென்று சிரித்தது. காது கேட்கிறவர்கள் எல்லாம் தலையைத் திருப்பினார்கள். வசனமே வரவில்லை, இவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள்?

அம்மா அக்காவின் முழங்கையை இடித்தாள். "என்னடி? என்ன சொன்னா அவ?"

வீட்டில் நாலு பேர் கூடிச் சிரிக்கும்போதெல்லாம் இப்படி முழங்கையை இடித்துக் கேட்டவள் அக்காதான். "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்," என்பாள் அம்மா. அந்த அப்புறம் ஒருநாளும் வந்ததில்லை. இப்போது ஒரு கணம் அக்காவுக்கும் 'அப்புறம்' என்று சொல்லலாமா என்று தோன்றியது. மனசு கேட்கவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல நிதானமாக, போனைப் பிடித்து, மூலை மூலையாகக் காட்டி, விரல்களை உயர்த்தினாள். அம்மாவுக்கு மெதுவாகப் புரிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

அதற்குள் மேடையில் நடிகரின் கண்ணும் தங்கையின் கைகள்மேல் விழுந்திருந்தது. முகத்தில் உயிர் வந்தது. "வீடு பூரா தேடிட்டேன் அத்தை, இங்க மட்டும்தான் டவர் கிடைக்குது!" என்றார். பூங்காவே அதிர்ந்தது.

நாடகம் முடிந்ததும் அவர் தங்கையின் கையைப் பிடித்து மேடையின் முன்னால் கொண்டுவந்தார். "வசனம் எடுத்துக் குடுத்தது இவங்கதாங்க. நான் சும்மா வாயசைச்சேன்." கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அக்காவின் வரிசை இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி அசைத்தது; காது கேளாதவர்களின் கைதட்டல் அது. அம்மா தட்டுவதை நிறுத்திவிட்டுத் தானும் கைகளைத் தூக்கினாள். "என் பொண்ணு," என்றாள் பக்கத்தில் நின்ற பெண்ணிடம். "மேடையில இருக்கறவ சின்னவ. இந்த மேடையில அவளுக்கு இடம் வாங்கிக் குடுத்தவ, இதோ, இவதான் பெரியவ." உதடுகளைப் படித்துவிட்ட அக்காவுக்கு உச்சி குளிர்ந்தது.

கூட்டம் கலையும் நேரத்தில் பொறுப்பாளர் தங்கையோடு அக்காவிடம் வந்தார்.

"நாளைக்குக் கவிதை நிகழ்ச்சி இருக்குங்க. இவங்க எங்க நின்னா சரியா இருக்கும்? நீங்களே சொல்லிடுங்க."

அக்கா மேடை ஏறினாள். தங்கையை இரண்டு எட்டு முன்னால் வரவைத்தாள். இறங்கிக் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்து பார்த்தாள். இன்னும் கொஞ்சம் இடதுபக்கம் நகரச் சொன்னாள். பிறகு திரும்பி வந்து, கைப்பையிலிருந்து துணியில் கோடு போடுகிற சாக்பீஸை எடுத்து, தங்கையின் காலடியில் மேடைப் பலகைமேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டாள்.